ஐரோப்பாவின் பழைய கணக்கேடுகளில் கறுப்பின மக்கள்

கேள்வி இது: பழைய ஐரோப்பிய ஓவியங்களில் பழத்தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நிற்கும் கறுப்புச் சிறுவனைத் தவிர, இருபதாம் நூற்றாண்டுக்கு முன் அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்தார்களா? வாழ்ந்திருந்தால் எல்லோரும் அடிமைகள்தானா? ஏன் நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் அவர்கள் இல்லை?

வாழ்ந்தார்கள். சம்பளம் போதவில்லை என்று ராஜாவுக்கு மனுப் போட்டார்கள், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், கொள்ளைநோயில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். இதற்கெல்லாம் ஆதாரம் இல்லாமல் இல்லை. அரண்மனைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக, மாதா கோவில் பதிவேட்டில் ஒரு பெயராக, யாரோ இருவரின் வழக்கில் ஒரு சாட்சியமாக இருக்கிறது. அந்த வரியில் நின்று, "யார் இவர்?" என்று கேட்பதற்குத்தான் வெகுகாலம் ஆள் இல்லை. அரசர்கள், தத்துவவாதிகள் பட்டியலைவிட இந்தச் சின்ன வரிகள்தான் முக்கியம் என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1507 டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் பொருளாளர், எக்காளம் ஊதும் ஒருவருக்கு 20 ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார். நாளுக்கு 8 பென்னி, நவம்பர் மாதச் சம்பளம். அவர் பெயர் ஜான் பிளாங்க், ஆப்பிரிக்கர். எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தபின் பிளாங்க் ஒரு மனு கொடுத்தார்: சக எக்காளக்காரர் ஒருவர் இறந்துவிட்டார், அவர் வாங்கிய 16 பென்னியை எனக்குத் தர வேண்டும், இப்போது வாங்குவது என் பிழைப்புக்குப் போதவில்லை. மன்னர் ஒப்புக்கொண்டார். ஒரே கையெழுத்தில் சம்பளம் இரட்டிப்பானது. 1511இல் இளவரசர் பிறந்ததைக் கொண்டாட வெஸ்ட்மின்ஸ்டரில் பெரிய ஆயுதப் போட்டி நடந்தது. அதை வரைந்து வைத்த நீளமான தோல் சுருளில், குதிரைமேல் எக்காளம் ஊதும் வரிசையில் தலைப்பாகையோடு அவர் இரண்டு இடங்களில் தெரிகிறார். மறு வருடம் அவருக்குக் கல்யாணம். மன்னர் ஊதா நிறத் துணியில் அங்கியும் தொப்பியும் பரிசாகத் தரச் சொன்னார்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மனு. அரண்மனை அலங்காரத்துக்காக நிறுத்தி வைத்த ஆள் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. தன் வேலையின் மதிப்பு என்ன, பக்கத்தில் இருப்பவன் என்ன வாங்குகிறான் என்று தெரிந்து, அதைக் கேட்டு வாங்கியவர்.

அதே எட்டாம் ஹென்றியின் பெருமைக்குரிய போர்க்கப்பல் மேரி ரோஸ் 1545 ஜூலையில் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. அதன் பீரங்கிகளை மேலே எடுக்க பியெரோ பாவ்லோ கோர்சி என்ற வெனிஸ்காரரை அமர்த்தினார்கள். கோர்சியிடம் இருந்த கைதேர்ந்த முக்குளிப்பவர் ஜாக் பிரான்சிஸ். மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்தவர், வயது இருபதை ஒட்டி. அந்தக் காலத்தில் ஐரோப்பிய மாலுமிகளிலேயே பலருக்கு நீச்சல் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் பிள்ளைகள் சிறு வயதிலேயே மூச்சடக்கி முங்கப் பழகுவார்கள். மன்னருடைய பீரங்கிகளை மீட்கும் வேலை ஆப்பிரிக்கர் கைக்குப் போனது இதனால்தான்.

பிறகு சௌதாம்ப்டன் அருகே வேறொரு வணிகக் கப்பல் மூழ்கியது. சரக்கை மீட்கும்போது கோர்சி திருடிவிட்டார் என்று இத்தாலிய வணிகர்கள் வழக்குப் போட்டார்கள். 1548இல் கடல் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் கோர்சியின் தரப்பில் பிரான்சிஸ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு அவர் சொன்னதை மறுப்பதோடு நிற்கவில்லை. அவன் அடிமை, கிறிஸ்தவன் இல்லை, அவன் பேச்சை எடுத்துக்கொள்ளவே கூடாது என்று வாதிட்டது. நீதிமன்றமோ அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்தது. இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றில் ஆப்பிரிக்கர் ஒருவர் சாட்சி சொன்னதாக நமக்குத் தெரிந்த முதல் சந்தர்ப்பம் இது. அந்தக் காலத்தின் இரண்டு முகமும் இந்த ஒரே வழக்கில் இருக்கிறது. நிறத்தையும் பிறப்பையும் காட்டி வாயை அடைக்கப் பார்ப்பவர்கள் இருந்தார்கள், அந்த வாதம் எடுபடாத இடமும் இருந்தது. டியூடர் வம்சத்தார் ஆண்ட அந்த இங்கிலாந்தில் பாகுபாடே இல்லை என்று சொல்பவர்களும், அங்கே கறுப்பினத்தவர் எல்லோரும் சங்கிலியில்தான் இருந்தார்கள் என்று சொல்பவர்களும் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்தவர். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஆல்மண்ட்ஸ்பரி என்ற கிராமத்தில் 1625இல் கேட்டலீனா என்ற ஆப்பிரிக்கப் பெண் இறந்தார். மணமாகாதவர். இறந்தவர் விட்டுப்போன பொருட்களை மதிப்புப் போட்டு எழுதும் வழக்கப்படி அவருடையதையும் எழுதினார்கள். படுக்கை, போர்வைகள், சில பானைகள், ஒரு மெழுகுவர்த்தித் தண்டு, ஒரு டஜன் கரண்டி, மேசைவிரிப்பு, துணிமணி. எல்லாம் சேர்த்து ஆறரைப் பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு சொத்து: பசுமாடு, மூன்றரைப் பவுண்டு.

மேசைவிரிப்பு இருக்கிறது, மேசை இல்லை. ஆக, யாரோ ஒருவர் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்திருக்கலாம். ஊர்ப் பொது நிலத்தில் மாட்டை மேயவிட்டு, பாலும் வெண்ணெயும் விற்றுத் தன் காலில் நின்றிருக்கலாம். அடிமையாக இருந்திருந்தால் அவர் பெயரில் சொத்துப் பட்டியலே எழுதியிருக்க மாட்டார்கள். அவர் எப்படி அங்கே வந்தார், என்ன மொழி பேசினார், எதையும் அந்தத் தாள் சொல்லவில்லை. ஆனாலும் பெரிய மனிதர் யாருடைய கதையிலும் ஒட்டிக்கொள்ளாமல், தன் பெயரில், தன் மாட்டோடு நிற்கிறார் அவர். மாமன்னர்களின் அவைகளில் இருந்த ஆப்பிரிக்கர்களைப் பற்றி எவ்வளவு படித்தாலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது.

இங்கிலாந்தில் அப்போது இருந்தவர்கள் சில நூறு பேர்தான். எண்ணிக்கை பெரிதாக இருந்தது தெற்கே, போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும். அங்கே கதை கசப்பானது. 1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கி, பங்கு பிரித்தார்கள். தாயை ஒருவருக்கும் பிள்ளையை இன்னொருவருக்கும் பிரித்தபோது எழுந்த அழுகையை அரசவை வரலாற்றாசிரியரான சுராராவே எழுதி வைத்திருக்கிறார். நூறு ஆண்டுகள் கழித்து, 1551இல் லிஸ்பன் நகரைக் கணக்கெடுத்தபோது சுமார் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 10,000 பேர் அடிமைகள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். தண்ணீர் சுமந்தது, துணி துவைத்தது, துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, வீட்டுக் கழிவை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டியது எல்லாம் அவர்கள். கண்டுபிடிப்புகளின் யுகம் என்று நாம் பாடத்தில் படித்த அதே லிஸ்பன்தான், வாஸ்கோ ட காமா புறப்பட்ட லிஸ்பன்.

2009இல் லாகோஸில் வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது, நகரத்தின் பழைய குப்பைமேட்டில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிலருடைய கைகள் கட்டப்பட்டிருந்த நிலையில். குழந்தைகளும் உண்டு. கப்பலில் வந்து, கரை சேர்ந்த கொஞ்ச நாளில் இறந்தவர்களைக் குப்பையோடு போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் ஒரு பகுதியில் பிறகு மினி கோல்ஃப் மைதானம் வந்தது. ஏன் இவர்களை யாரும் கவனிக்கவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை.

இருந்தும் அவர்கள் தங்களுக்கென்று அமைப்புகளை உண்டாக்கிக்கொண்டார்கள். ஸ்பெயினின் செவில் நகரில் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேராயர் ஒருவரின் ஆதரவில் தொடங்கிய கறுப்பினத்தவரின் மதச் சகோதரக் கூட்டமைப்பு, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டது, இறந்தவர்களை முறையாக அடக்கம் செய்தது. லிஸ்பனில் ஜெபமாலை மாதாவின் பெயரில் இப்படிச் சங்கம் இருந்தது. சங்கத்து ஆட்களை விடுவிக்க அவை பணமும் திரட்டின. செவில் கூட்டமைப்பு இன்றும் இருக்கிறது. புனித வாரத்தில் ஊர்வலம் போகிறது, ஆனால் இன்றைய உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கிரனாடாவில் பிரபுக் குடும்பம் ஒன்றின் அடிமையாக வளர்ந்த ஹுவான் லத்தீனோ, அந்த ஊரிலேயே லத்தீன் பேராசிரியராகி, லெபாந்தோ கடற்போரைப் பாடிய நெடுங்கவிதையை 1573இல் வெளியிட்டார்.

ஹுவான் தே பரேஹாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த அவருடைய உருவப்படம் உலகப் புகழ் பெற்றது. 1971இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. படத்தில் இருப்பவர் அப்போது வெலாஸ்கெஸின் அடிமை. அதே ஆண்டு நவம்பரில் விடுதலைப் பத்திரம் எழுதினார் வெலாஸ்கெஸ், அதிலும் இன்னும் நான்கு ஆண்டு ஊழியம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை. விடுதலையான பின் பரேஹா தானே ஓவியராக வாழ்ந்தார். 1661இல் அவர் வரைந்த புனித மத்தேயுவின் அழைப்பு என்ற பெரிய ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் அவரே நின்று நம்மைப் பார்க்கிறார், கையில் தன் பெயர் எழுதிய தாளோடு. வெலாஸ்கெஸ் வரைந்த முகம் தெரிந்த பலருக்கு அந்த முகத்துக்குரியவர் வரைந்த படம் தெரியாது.

ஜெர்மனியில் அன்டோன் வில்ஹெல்ம் ஆமோவின் கதை நம் வாசகர்களுக்கு ஒரு விதத்தில் பக்கத்துக் கதை. இன்றைய கானாவின் ஆக்சிம் அருகே 1703 வாக்கில் பிறந்தவர். டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் சிறு பிள்ளையாக ஆம்ஸ்டர்டாம் வந்து, பிரவுன்ஷ்வைக்-வொல்ஃபன்புட்டல் கோமகனுக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தார். 1708இல் ஞானஸ்நானம். பெயர்களே கோமகனுடையதும் அவர் மகனுடையதும். அரண்மனை அவரைப் படிக்க வைத்தது. 1727இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த ஹாலே வேறு ஊர் அல்ல: மதபோதகர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய இறைப்பற்று இயக்கம் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மையம், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அச்சான ஊர், தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கும் ஊர். தரங்கம்பாடியிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்த அதே தெருக்களில் ஓர் ஆப்பிரிக்க மாணவர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார்.

1729இல் அவர் வாதத்துக்கு எடுத்த பொருள், ஐரோப்பாவில் வாழும் கறுப்பினத்தவரின் சட்ட உரிமை. அந்த உரை தொலைந்துவிட்டது, அன்றைய செய்திக் குறிப்பு மட்டும் இருக்கிறது. ரோமப் பேரரசோடு ஆப்பிரிக்க அரசர்களுக்கு இருந்த உறவைக் காட்டி, கிறிஸ்தவர்கள் விலைக்கு வாங்கிய ஆப்பிரிக்கர்களின் அடிமைநிலை சட்டப்படி எவ்வளவு தூரம் செல்லும் என்று அவர் கேட்டிருக்கிறார். பிறகு விட்டன்பர்க்கில் 1734இல் உடலுக்கும் மனதுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வேடு, 1738இல் தர்க்கத்தைப் பற்றி நூல், ஹாலேயிலும் யேனாவிலும் ஆசிரியர் பணி. ஆதரித்த குடும்பத்தில் பெரியவர்கள் இறந்தார்கள், காலச்சூழல் மாறியது. ஹாலேயில் அவரைக் கேலி செய்யும் செய்யுள்கள் அச்சில் வந்தன. 1747 வாக்கில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். சில ஆண்டுகள் கழித்து அவரைச் சந்தித்த மருத்துவர் ஒருவரின் குறிப்பு இருக்கிறது: தந்தையும் சகோதரியும் உயிரோடு இருக்கிறார்கள், ஒரு சகோதரன் சுரினாமில் அடிமை. நாற்பது ஆண்டு கழித்து மகனைப் பார்த்த அந்தத் தந்தையை என்னால் மறக்க முடிவதில்லை. பெர்லினில் ஒரு தெருவுக்கு இப்போது ஆமோவின் பெயர் வைத்திருக்கிறார்கள். நீண்ட எதிர்ப்பு, வழக்கு எல்லாவற்றுக்கும் பிறகு 2025இல் அது நடந்தது.

வியன்னாவின் ஆங்கெலோ சோலிமானின் கதையைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சிறு வயதில் பிடிபட்டு, சிசிலி வழியாக வியன்னா பிரபுக்களின் வீடுகளுக்கு வந்தவர். லிச்டன்ஸ்டைன் இளவரசரின் வீட்டில் உயர்ந்த பணியாளர். பல மொழி பேசுவார், சதுரங்கத்தில் கெட்டிக்காரர். 1768இல் இளவரசருக்குத் தெரியாமல் மக்தலேனா கிறிஸ்டியானி என்ற பெண்ணை மணந்தார். விஷயம் தெரிந்ததும் வேலை போனது. பின்னாளில் அதே குடும்பம் பிள்ளைகளின் கல்விக்காக அவரைத் திரும்ப அழைத்தது. 1780களில் அவர் உறுப்பினராக இருந்த ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தில்தான் இசைமேதை ஹைடனும் சேர்ந்தார், மோட்சார்ட் வந்துபோனார். நகரத்தில் மரியாதையான மனிதர்.

1796 நவம்பரில் இறந்தார். பேரரசர் இரண்டாம் ஃபிரான்ஸின் சேகரிப்புக்காக அவர் உடலின் தோலை உரித்துப் பதப்படுத்தி, மரச்சட்டத்தில் போர்த்தி, வெப்பமண்டலக் காடு போல அமைத்த அறையில் விலங்குகளோடு நிற்க வைத்தார்கள். இறகுக் கிரீடம், இடுப்பில் இறகு, கழுத்தில் சிப்பி மாலை. ஐரோப்பிய அவைகளில் வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு அந்த வேஷம். அப்பாவின் உடலை அடக்கம் செய்யக் கொடுங்கள் என்று மகள் யோசெஃபீன் கேட்டார். பேராயரும் ஆட்சேபித்தார். கொடுக்கவில்லை. 1848 புரட்சியின்போது குண்டு விழுந்து அந்தக் கூடம் எரிந்தது, அவரும் அதோடு எரிந்தார்.

இந்த வழக்கம் அத்தோடு முடியவில்லை. ஸ்பெயினில் பன்யோலஸ் ஊர் அருங்காட்சியகத்தில், கல்லறையிலிருந்து திருடிப் பதப்படுத்திய தென் ஆப்பிரிக்கப் பகுதி மனிதர் ஒருவரின் உடல் 1997 வரை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. 2000இல்தான் போட்ஸ்வானாவில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

இனி, ஏன் புத்தகங்களில் இல்லை என்ற கேள்வி. யாருக்குமே தெரியாமல் போனது என்று சொல்ல முடியாது. அடிமைமுறையை எதிர்த்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி கிரெகுவார், லத்தீனோ, ஆமோ, சோலிமான் எல்லோரையும் தொகுத்து 1808இலேயே புத்தகம் வெளியிட்டார். இன்று "புதிதாகக் கண்டெடுத்தவர்கள்" என்று வலம்வரும் பெயர்களில் பாதி அதில் இருக்கிறது. நெப்போலியன் காலத்து பிரான்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. அதற்கு முன்பே 1777இல் கறுப்பினத்தவர் நாட்டுக்குள் வரவே தடை போட்ட நாடு அது, மறு வருடம் கலப்புத் திருமணத்துக்கும் தடை. புரட்சி நீக்கிய அந்த நுழைவுத் தடையை 1802இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்டையோட்டை அளந்து இனங்களைத் தரம் பிரித்த "அறிவியல்" சேர்ந்துகொண்டது. ஆப்பிரிக்கருக்கு வரலாறே இல்லை என்று நம்பியவர்கள் எழுதிய பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்கப் பேராசிரியருக்கு எங்கே இடம்?

ஜெனரல் தோமா அலெக்சாந்தர் துமாவுக்கு நடந்ததையும் பாருங்கள். இன்றைய ஹெய்ட்டியில் அடிமைத் தாய்க்குப் பிறந்து, புரட்சிப் படையில் தளபதியாக உயர்ந்தவர், நாவலாசிரியர் துமாவின் தந்தை. பாரிஸில் இருந்த அவர் சிலையை ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது அகற்றி உருக்கினார்கள். 2009இல் நினைவுச்சின்னம் திரும்ப வந்தது, ஆனால் தளபதியின் உருவத்துக்குப் பதிலாக உடைந்த அடிமைச் சங்கிலி. நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். இருந்தாலும் குதிரைமேல் போரிட்ட மனிதரைச் சங்கிலியாக மட்டும் நினைவுகூர்வது எனக்கு ஒப்பவில்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஆர்வத்தில் இல்லாததைச் சேர்த்தால் இருப்பதும் கெட்டுப்போகும். பீத்தோவன் கறுப்பினத்தவர் என்று சுற்றும் செய்திக்கு ஆதாரம் கிடையாது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி ராணி சார்லட் கறுப்பினத்தவர் என்ற கூற்று பல தலைமுறைக்கு முந்தைய ஒரு மூதாதையை நம்பி நிற்கிறது, அதுவும் உறுதியில்லை. இங்கிலாந்தில் ரோமானியர் காலத்துப் பெண் ஒருவரின் எலும்புக்கூட்டை மண்டையோட்டு அமைப்பை வைத்து ஆப்பிரிக்கர் என்று சொல்லிப் பலகை கூட வைத்தார்கள். பிறகு மரபணுச் சோதனை அப்படி இல்லை என்று காட்டியது. ஆங்கிலேயப் பதிவேடுகளில் "கறுப்பர்" என்று எழுதியிருப்பவர் எல்லோரும் ஆப்பிரிக்கர் அல்லர். சென்னைக் கோட்டையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கம்பெனிக் கப்பல்களில் போன வேலையாட்களையும் அப்படியே எழுதினார்கள். ஒவ்வொரு பெயரையும் தனியாகச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

கடைசியாக, அடிமைகள்தானா என்ற கேள்வி. சிலர் அடிமைகள், சிலர் இல்லை, பலர் இரண்டுக்கும் நடுவில் சட்டம் தெளிவாகச் சொல்லாத நிலையில் இருந்தார்கள். அந்தத் தெளிவின்மையைத் தங்களுக்குச் சாதகமாக இழுத்தவர்களும் அவர்களே. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஓடிப்போனவர்களைத் தேடும் விளம்பரங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஜமைக்காவிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜோசப் நைட், 1772இல் லண்டனில் ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமை விடுதலையான செய்தியைப் பத்திரிகையில் படித்தார். அவர் ஏற்கெனவே எழுதப் படிக்கக் கற்றிருந்தார். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் ஆன் தாம்ப்சனை மணந்து, மனைவியோடு தனியே வாழப் புறப்பட்டார். எஜமான் வெடர்பர்ன் அவரைக் கைது செய்ய வைத்தார். நைட் விடவில்லை. கீழ் நீதிமன்றத்தில் தோற்று, மேலே போய் ஜெயித்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1778இல் ஸ்காட்லாந்துச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்காது என்று தீர்ப்பு. அந்த வழக்கில் அவர் தரப்பில் தாக்கல் செய்த நீண்ட மனு எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இந்த விஷயத்தில் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், ஓவியங்களை அப்புறம் பாருங்கள், முதலில் இந்த வழக்கைப் படியுங்கள் என்பேன்.